வாசல் பாட்டும் என் நயவுரையும்

அந்த ராப் பாடகனின் முதல் இறுவட்டு அதற்குக் கிடைத்த பேருக்குத் தகுதியானதுதானா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். பாட்டுகளைப் பற்றி இரண்டொரு கட்டுரை எழுதித் தொலைத்த பாவத்துக்கு, கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலையிலிருந்து அந்தக் கேள்வி வரும். "சேர், அந்த மொத சீடி மாதிரி இன்னொன்னு வரலதானே?" என்பார்கள். நான் தண்ணீர் குடித்துச் சமாளித்துவிடுவேன். பதில் இல்லாமலில்லை. ஒரு காலத்தில் என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றை எழுதினேன், மற்றதை மேடையில் பேசினேன். இப்போது இரண்டையும் நம்பமுடியவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த இறுவட்டு வந்த புதிதில் அதிலிருந்து தப்ப முடியாது. ஆட்டோவில் அது, சலூனில் அது, டியூஷன் வகுப்பு இடைவேளையில் அது. ஞாயிறு பத்திரிகைகள் தமிழிசையில் புது யுகம் பிறந்துவிட்டது என்று எழுதின. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாலு பேர் சேர்ந்து ஒன்றைப் புகழ்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உடனே அதில் ஓட்டை தேடுவேன். இருபத்தெட்டு வயதில் அந்தக் குணத்துக்கு விமர்சனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

டவுனில் சீடி விற்ற முஸ்லிம் நானாவிடம் வாங்கினேன். "மாஸ்டர், இதக் கேட்டா உள்ளம் நெறயும்னு சொல்றாங்க. எனக்குத் தலைதான் வலிச்சிச்சி," என்று சொல்லிக்கொண்டே அட்டையைத் துடைத்துக் கொடுத்தார். கறுப்பு அட்டை. உயர்த்திய ஒரு கை, அதற்குக் கீழே பெரிய தமிழ் எழுத்து. அந்த நாளில் அப்படி ஓர் அட்டை பையில் அகப்பட்டால் புலி என்று பிடித்துக்கொண்டு போவார்கள். நான் அதைச் சோதனைத்தாள் கட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது பாட்டு. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கேட்டேன். தேயிலையைப் பற்றிய பாட்டு முதலில். வழக்கம்போல் தேநீரில் ரத்தம். இந்த நாட்டில் தேயிலையைப் பாடியவர்கள் யாரும் கோப்பைக்குள் ரத்தம் ஊற்றாமல் விட்டதில்லை. எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தாள். அவள் விரலில் இருந்தது கறுத்த கொழுந்துக் கறை. ரத்தம் வந்ததென்றால் அட்டை கடித்த காலில்தான் வந்தது, அதற்கு அவள் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு மலை ஏறினாள். சவுக்காரத்தைப் பற்றி எந்தப் பாடகனும் பாடுவதில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

நாலாவது பாட்டு பஸ்ஸைப் பற்றியது. அதை யாரும் புகழவில்லை. ஒரு கண்டக்டரின் குரல், ஊர்ப் பெயர்கள், "பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன" என்று பின்னுக்குத் தள்ளும் அதட்டல், மிச்சக் காசுக்குச் சண்டை. மூச்சு விடாமல் போகும். அது எனக்குப் பிடித்தது. அதை ஒத்துக்கொள்ளவும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆறாவதுதான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடிய பாட்டு. 'வாசல் பாட்டு' என்றே அதற்குப் பேராகிவிட்டது. காலையில் வெளியே போன கணவன் வரவில்லை. மனைவி வாசலில் நிற்கிறாள். விளக்கு எரிகிறது, மழை வருகிறது, விடிகிறது, அவள் நிற்கிறாள். பாட்டு முழுக்க அவள் அடி எடுத்து வைப்பதில்லை. அவனை யார் கொண்டுபோனார்கள், எங்கே என்று ஒரு வார்த்தையும் இல்லை. சொல்லாமல் சொன்ன நுட்பம் என்று பத்திரிகைகள் எழுதின. பயத்தில் விழுங்கியது என்று நான் பென்சிலால் எழுதினேன்.

அடுத்த வாரம் மச்சானைக் கொழும்பில் பிடித்துவிட்டார்கள்.

மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த ஒரு முதலாளியின் லொறியில் உதவியாளாகப் போய் வந்தார். தம்புள்ளையில் ஏற்றுவது, கொழும்பில் இறக்குவது, தங்குமிடத்தில் இரண்டு மணி நேரம் கண் அயர்வது, திரும்புவது. அன்றைக்கு அந்தத் தங்குமிடத்தைப் பொலிஸ் சுற்றி வளைத்திருக்கிறது. டிரைவரை விட்டுவிட்டார்கள். மச்சான் சிங்களம் சிங்களவரைப் போலவே பேசுவார். அதுவே வினையாகப் போயிற்று. தோட்டத்துத் தமிழனுக்கு இவ்வளவு சுத்தமான சிங்களம் எப்படி என்று கேட்டுத் தனியாக நிறுத்தினார்களாம். டிரைவர் வந்து சொன்னது அவ்வளவுதான்.

அக்கா ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடொன்றில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செய்தி கேட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி என் அறைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அழவில்லை. "தம்பி, போட்டோ கொப்பி எங்க அடிக்கிறது?" என்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு இரைக்கிறது. கிராம சேவகர் கடிதம், தோட்டத்துத் துரையின் கடிதம், சமாதான நீதவானின் கையெழுத்து, கலியாணப் பதிவு, அடையாள அட்டையின் பிரதி, ஒவ்வொன்றிலும் பத்து. மாத்தளையில் முறைப்பாடு, கொழும்பில் முறைப்பாடு. சனிக்கிழமைகளில் நான் கூடப் போனேன். மற்ற நாட்களில் தனியாகப் போனாள். ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக, ஒவ்வொரு வாசலாக, ஒரு பொலித்தீன் பையில் சவுக்காரமும் பற்பசையும் அவர் உடுக்கச் சாரமும் கட்டிக்கொண்டு. இங்கே இல்லை, இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் சாயங்காலம் திரும்பும்வரை நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவளையும் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் என்னை விட்டுப் போகவேயில்லை.

ஓரிடத்தில் மட்டும் ஒருத்தன் பையை வாங்கி உள்ளே வைத்தானாம். அன்று அக்கா சிரித்துக்கொண்டு வந்தாள். "வாங்கிகிட்டாங்க தம்பி. ஆளு இல்லாமலா வாங்குவாங்க?" என்றாள். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் இதைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பையை வாங்கினால் ஆள் உயிரோடு இருக்கிறார். அதன்பிறகு வாரத்துக்கொரு பை அங்கேயே போயிற்று.

ஒருநாள் முதலாளியைப் பார்த்து ஒரு கடிதம் வாங்க இருவருமாகத் தம்புள்ளைக்குப் புறப்பட்டோம். அந்தச் சனியன் பிடித்த சீடி என் பையில் இருந்தது. ஒரு சிறு சஞ்சிகைக்கு விமர்சனம் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். சின்ன பிளேயரையும் காதுக்குழலையும்கூட எடுத்துப் போட்டிருந்தேன். வீட்டில் ஆளைக் காணோம், எனக்கு விமர்சனம். வழியில் பலாபத்வலைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பையைக் கவிழ்த்த ஆமிக்காரனின் கையில் முதலில் அகப்பட்டது அந்தக் கறுப்பு அட்டைதான்.

"மேக மொகக்த?" என்றான், இது என்ன என்று.

"சிந்து, மஹத்தயா. ராப்." பாட்டு ஐயா என்றேன்.

"ராப்?" அவன் அட்டையிலிருந்த கையைப் பார்த்தான். தமிழ் எழுத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் இரண்டு பேனா. ராப் கேட்கிற முகமா இது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கியன்ன பலன்ன," என்றான். பாடிக் காட்டச் சொல்கிறான்.

நடு ரோட்டில், பஸ் சனம் முழுக்கப் பார்த்திருக்க, அக்கா ஓலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, நான் வாயைத் திறந்தேன். வந்தது பஸ் பாட்டு. எப்போது மனப்பாடமாயிற்று என்று எனக்கே தெரியாது. பரீட்சை மேற்பார்வை செய்யும் குரலில் ஊர்ப் பெயர்களை வேகமாக அடுக்கினேன். "பஸ்ஸட்ட யன்ன" வந்ததும் அந்த ஆமிக்காரன் சிரித்துவிட்டான். பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னேன். சீடியைப் பைக்குள் போட்டுத் தந்தான். மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஒரு பாட்டு நல்லதா இல்லையா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் அந்தச் சோதனை யாருக்கும் வர வேண்டாம்.

அக்கா என் பையிலிருந்த சீடியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அதுல வேற என்னா இருக்கு?" என்றாள்.

காதுக்குழலின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். வாசல் பாட்டைப் போட்டேன். போட்டபிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. நிறுத்தப் போனேன், அவள் கையைத் தட்டிவிட்டாள். முழுக்கக் கேட்டாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ ஏன் அங்கயே நிக்கிறா?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் பாட்டு."

"புருசன காணலன்னா வாசல்லயா நிப்பாங்க? கிராம சேவகர்கிட்ட போக வேணாமா? பொலிஸ்ல எண்ட்ரி போட வேணாமா? கூடப் போன டிரைவர கேக்க வேணாமா?" அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்களுக்கு அழுவறதுக்கு எங்க தம்பி நேரம்? செருப்ப மாட்டிகிட்டு ஓடத்தான் சரியா இருக்கு. இவன் பொம்பளைங்கள பாத்ததே இல்ல போல."

பத்திரிகைகள் இரண்டு பக்கத்தில் தவறவிட்டதை இவள் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அந்த வார இறுதியில் அப்பியாசக் கொப்பியில் விமர்சனத்தை எழுதி முடித்தேன். இந்த இறுவட்டில் ஒரு நல்ல பாட்டு இருக்கிறது, அது பஸ் பாட்டு. புகழ்பெற்ற பாட்டு பொய். துயரத்தை வாசலில் நிறுத்திப் படம் பிடித்திருக்கிறான், துயரத்துக்குக் கால் உண்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்படியெல்லாம் எழுதினேன். கொஞ்சம் திமிராகவே எழுதினேன். அதைத் தபாலில் போடுவதற்குள்தான் இலக்கிய வட்டச் செயலாளர் என்னைத் தேடி வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரில் எந்தப் புத்தகம் வந்தாலும் விழா எடுப்பார். அந்தப் பாடகனின் தாய்வழி உறவு மாத்தளைப் பக்கம் என்று கண்டுபிடித்து, இறுவட்டுக்கு அறிமுக விழா வைக்கப் போகிறாராம். நயவுரை நான் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் பக்கத்து விழாக்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மங்கள விளக்கு, வரவேற்புரை, முதற்பிரதியை வாங்க ஒரு வர்த்தகர், பிரதம அதிதியின் உரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. நயவுரை என்றால் நயத்தை மட்டும் சொல்வது. குறை சொல்லியே தீர வேண்டுமென்று யாருக்காவது நாக்கு துடித்தால் கடைசியில் இரண்டு அச்சுப்பிழையைச் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் புத்தகமாயிருந்தால்தான். இறுவட்டில் அந்த வசதியும் இல்லை.

"எனக்கு அந்த சீடி அவ்வளவா பிடிக்கல சேர்," என்றேன்.

அவர் ஆசிரியர் அறையின் கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். பிரதம அதிதியாக வருபவர் யார் என்று சொன்னார். அரசாங்கப் பக்கத்தில் செல்வாக்குள்ள ஓர் அரசியல்வாதி. "ஒங்க மச்சான் விசயம் எனக்குத் தெரியும். அவரு ஒரு போன் எடுத்தா காரியம் நடக்கும். நீங்க நல்லாப் பேசுங்க, ஐயாவுக்குக் கூட்டம் சந்தோசமா முடியணும். முடிஞ்சதும் நானே ஒங்க அக்காவ கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுறேன்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எப்ப விழா?" என்றாள். நான் அப்பியாசக் கொப்பியை மூடி மெத்தைக்கடியில் வைத்தேன்.

புதிதாக எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. பிடிக்காததைப் புகழ்வது ஒன்றும் பெரிய பாவமில்லை, கலியாண வாழ்த்து மடலில் அதைத்தானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது போதாதென்று இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. வாசல் பாட்டை எப்படிப் புகழ்வது? அது பிடித்துக்கொண்டு போகப்பட்டவனைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் சொல்ல முடியாது. அரசாங்கத்து ஆள் முன்வரிசையில் இருக்கும்போது அப்படியொரு வார்த்தை வாயில் வந்தால் மச்சானும் வரமாட்டார், நானும் வீடு போய்ச் சேரமாட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் புகழ்ந்ததாகவும் ஆகாது. நாலு நாள் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் பாட்டிலுள்ள புருஷனை மத்திய கிழக்குக்கு வேலைக்கு அனுப்பிவிட்டேன். கணவன் கடல் கடந்து போயிருக்கிறான், மனைவி காத்திருக்கிறாள், பிரிவுத் துயர், பாலைத் திணை. நானும் ஒரு தமிழாசிரியன்தானே, பழைய இலக்கியத்தில் ஒளிந்துகொள்ள இடமா இல்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் டியூஷன் பிள்ளைகள். அந்தப் பாடகன் மேடையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அட்டையில் உயர்ந்திருந்த கையா இது என்று நினைத்தேன், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இருந்தாள். மடியில் பழுப்பு உறை. அதற்குள் எல்லாப் பிரதியும், மேலே நான் எழுதிக் கொடுத்த மனு.

பிரதம அதிதி ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். விளக்கேற்றினார். பத்து நிமிடம் பேசினார், ஒற்றுமையைப் பற்றி. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாளை விரித்து வாசிக்க ஆரம்பித்தேன். தேயிலைப் பாட்டின் உவமையை வியந்தேன். பஸ் பாட்டை அவசரமாகத் தாண்டினேன், அதை மனதாரப் புகழ அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வாசல் பாட்டுக்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு போன் அடித்தது. அவர் எழுந்தார். செயலாளரின் முகம் வெளுத்தது. பிரதம அதிதிக்கு வேறு நிகழ்ச்சி, எங்கள் விழாக்களில் இதுவும் ஒழுங்கில் சேர்ந்ததுதான். நான்தான் அதை மறந்துபோயிருந்தேன். அவர் கும்பிட்டபடி பக்கவாசலால் நடந்தார்.

அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

மேடையிலிருந்து ஜன்னல் வழியாக முற்றம் தெரியும். என் வாய் வாசித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் அசையாமல் நிற்கும் அந்தப் பெண்ணின் பொறுமையைப் பாருங்கள், அவள் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை, காத்திருப்பே அவள் கற்பு. ஜன்னலுக்கு வெளியே என் அக்கா ஜீப்போடு ஓடுகிறாள். ஒரு கையில் சேலைக் கொசுவம், மறு கையில் உறை. ஜீப் கேட்டருகில் திரும்புவதற்காக மெதுவானபோது கண்ணாடியில் தட்டுகிறாள். ஒரு காவலாள் அவளைத் தள்ளுகிறான். அவள் மறுபடி போய்த் தட்டுகிறாள். கண்ணாடி கொஞ்சம் இறங்குகிறது. உறை உள்ளே போகிறது.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்க வேண்டியவர் போய்விட்டார், இனி யாருக்குப் பயம்? தாளை மடித்துவிட்டு, இந்தப் பாட்டு பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் என்பது ஆளைப் பார்த்து வருவதுமில்லை, ஆள் போனதும் போவதுமில்லை. மீதி ஒன்றரைப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

விழா முடிந்து பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாடகன் என்னிடம் வந்தான். "அண்ணே, வெளிநாட்டுக்குப் போனவர்னு சொன்னதுக்குப் பெரிய நன்றி. நீங்க எழும்பினதிலிருந்து எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருந்தது," என்றான். இவனும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவன் இன்னும் தயங்கினான். "எங்கட வீட்டில அப்படி ஒண்டும் நடக்கல்ல. கற்பனையிலதான் எழுதினன். பிழை இருந்தா சொல்லுங்க அண்ணே." அக்காவை அவன் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். "பிழை ஒன்னுமில்ல, நல்லாருக்கு," என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்காவின் ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. இழுத்து இழுத்து நடந்தாள். "கடிதத்த வாங்கிகிட்டாங்க," என்றாள். பிறகு, "நீ பேசினத கேக்கல. அந்த நிக்கிறவளப் பத்தி நல்லதா சொன்ன?" என்றாள்.

"ம்."

"சொல்லித்தானே ஆகணும்," என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. செயலாளர் இரண்டு தடவை நினைவூட்டினாராம், பிறகு என்னைக் கண்டால் வேறு பாதையில் போனார். அக்கா ஓடிக்கொண்டுதான் இருந்தாள். எட்டாவது மாதம், தைப்பொங்கலுக்கு முந்தின வாரம், யாருடைய போனும் இல்லாமல், காரணமும் சொல்லாமல் மச்சானை விட்டுவிட்டார்கள். பழைய சாரத்தோடு பஸ்ஸேறி, தானாக லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆள் பாதியாகியிருந்தார். வேலைக்குப் போகவில்லை. யாரோடும் பேசவில்லை. சுவரில் முதுகு படும்படிதான் உட்காருவார். அங்கே நடந்ததைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அதனால் அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை, தன் பக்கத்துக் கதையையும் சொல்லவில்லை. லயத்துச் சனத்துக்கும் வாய் திறக்கக் கூடாதென்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பின்நேரம் நான் போயிருந்தேன். அக்கா கதவருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மச்சான் திடீரென்று, "மாப்ள, வாசல்ல ஒரு பொம்பள நிக்கிற மாதிரி ஒரு பாட்டு. அந்த சீடி ஒங்கிட்ட இருக்கா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளேயர் பையில்தான் இருந்தது. இப்போது ஸ்பீக்கர் வைத்ததாக வாங்கியிருந்தேன். போட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். உதடு கூடவே அசைந்தது. ஒரு சொல்லும் தப்பவில்லை.

"எங்ககூட ஒரு பையன் இருந்தான், பதுளைப் பக்கம். சோறு வந்த பெறகு வாளியத் தட்டி இதத்தான் மெதுவா பாடுவான். நாங்க எல்லாரும் சேந்துக்குவோம்." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "அது இல்லாட்டி நான் புத்தி பெரண்டிருப்பேன் மாப்ள. எனக்கு என்னைப் பத்தி பயமில்ல. இவளப் பத்தித்தான். என்னைத் தேடுறேன்னு வெளிய எறங்கி, கொழும்புக்கு வந்து, எங்கயாவது வாசல்ல போயி நின்னு, இவளயும் புடிச்சி உள்ள போட்டா? அந்த நெனப்பு வந்தா மூச்சு முட்டும். அப்பயெல்லாம் இந்தப் பாட்டதான் நெனச்சிக்குவேன். இவ எங்க வாசல்லதான் நிக்கிறா. வெளக்கு எரியிது. ஒரு அடி எடுத்து வைக்கல."

அக்காவின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது.

"சில பேருக்கு வீட்டுல இருந்து சாமான் வரும். சவுக்காரம், சாரம். எனக்கு ஒரு நாளும் ஒன்னும் வரல. வராத வரைக்கும் சந்தோசம். இவ வீட்ட விட்டு எறங்கலன்னு தெரிஞ்சிகிட்டேன்." அவர் முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தார். "நீ எங்கயும் போகலதானே?"

முப்பதுக்கு மேற்பட்ட வாரங்கள். வாரத்துக்கொரு பை. அவ்வளவும் எங்கே போயிற்று என்று எனக்குள் ஏதோ கத்தியது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"நான் எங்கங்க போறது," என்றாள் அக்கா. "வாசல்லயேதான் நின்னேன்."

மச்சான் தலையை ஆட்டினார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். அக்கா எழுந்து போகவில்லை. பாட்டு முடியும்வரை இருந்து கேட்டாள்.